சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

“இந்தக் கண்ணாடிக்குள்ள ஆக்கள் இரிக்கிறாங்களாமே, மெய்தானா மகள்?”

அன்னப்பூரணி மாமி என்னிடம் முதன்முதலில் கேட்டது இதுதான். அப்போது அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. சண்டை முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருக்கும். குருக்கள்மடம் பிரதான வீதியில் அக்காவும் அத்தானும் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் நான் தனியாக இருந்தேன். வந்தவரின் கையில் பன்புல்லால் இழைத்த ஒரு பன்பை. சேலை ஓரத்தில் வாவித் தண்ணீர் பட்ட ஈரம். அக்கரையிலிருந்து பாதையில் வந்தவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தப் பலகைத் தட்டை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். புது ஆட்களைக் கண்டால் எனக்குச் சொல் வராது. பள்ளிக்கூடத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னபோதும் அப்படித்தான் நின்றேன். பத்தாம் வகுப்போடு போகாமல் விட்டதற்கும் அதைவிடப் பெரிய காரணம் இல்லை. அத்தானின் கடையில் கதைக்க வேண்டியதில்லை. கொம்பியூட்டரில் முகங்களை வெட்டி, பின்னால் நீல நிறம் போட்டு, அடையாள அட்டைக்குச் சரியான அளவில் எடுத்துக் கொடுத்தால் போதும்.

அவர் கேட்ட கண்ணாடி உண்மையில் ஒரு ஹார்ட் டிஸ்கின் உள்தட்டு. களுவாஞ்சிகுடியில் கடை வைத்திருந்த ஒருவர், பழுதாகிப் போனது, எறிந்துவிடு என்று அத்தானிடம் கொடுத்தது. திறந்து துடைத்தால் ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அத்தான் திறந்தார். வாயால் ஊதினார். கமரா துடைக்கும் துணியால் துடைத்தார். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. ஆனால் உள்ளே இருந்த தட்டைப் பார்க்க நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் குனிந்தோம். காற்றில்லாத மத்தியானத்தில் வாவி கிடக்குமே, அப்படி ஒரு பளபளப்பு. அத்தான் அதைச் சுவரில் மாட்டினார். படம் எடுக்க வருகிறவர்கள் அதில் பார்த்துத் தலை வாருவார்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் மூக்கு மட்டும் தெரியாது.

யாருடைய கலியாணமோ, யாருடைய பிறந்தநாளோ அந்தத் தட்டில் இப்போதும் எழுதியபடியே கிடக்கலாம், வாசிக்கத்தான் ஒன்றாலும் முடியாது என்று அத்தான் ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அதில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் நிறையப் பேர் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும்.

மாமி கிட்டப் போய்ப் பார்த்தார்.

“ஒருத்தரையும் காணல்லயே. என்ட மூஞ்சிதான் கிடக்கு. அதுவும் மூக்கில்லாம.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த நேரம் அத்தான் மோட்டார் சைக்கிளை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“உதயரூபன் தம்பி நீங்கதானே?”

“ஓம் அக்கா. இரிங்க. அடையாள அட்டைக்கா?”

“இல்ல. நான் அன்னப்பூரணி. கடற்கரை வீதியில இருந்த, வலைவாடிக்குப் பக்கத்தில. தெரியுமா?”

அத்தானின் முகம் மாறியது. கதிரையை இழுத்துப் போட்டார்.

மாமியின் கணவரையும் எட்டு வயது மகன் நிதுர்ஷனையும் சுனாமி கொண்டுபோனது. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. மாமி வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போய்த் தம்பியின் வீட்டில் இருந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கம் சண்டை, ஓட்டம், முகாம். அலை வந்த நாளுக்குப் பிறகு கடல் இருக்கும் எங்கள் கரைக்கு அவர் வந்தது இதுதான் முதல்முறை.

எங்கள் கடை வாசலுக்கு நேரெதிரே கடற்கரை வீதி தொடங்குகிறது. வாகனம் போகாத நேரத்தில் அலைச் சத்தம் கடைக்குள் கேட்கும். மாமி கதிரையைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

“பாதையில மீன்கார நல்லரத்தினம் சொன்னான் தம்பி. கடல் வாறதுக்கு முந்தின கிழமை, புதுசா வாங்கின கமராவக் கொண்டு வந்து, கரைவலை இழுக்கிறதப் படம் புடிச்சநீங்களாம். எங்கட நிதுர்ஷனும் வடம் புடிச்சு நிண்டவனாம்.”

“புடிச்சநான்தான். பழகிறதுக்குப் புடிச்ச படங்கள், பிரிண்ட் போடல்ல. ஆனா அக்கா, அதெல்லாம் கிடந்த டிஸ்க் செத்துப்போச்சு. போன மார்கழியோட.”

“செத்ததெண்டா?”

அத்தான் மேசை லாச்சியைத் திறந்து அதை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சவர்க்காரக் கட்டிகளைச் சேர்த்து வைத்த அளவு. ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் பச்சைப் பலகை. பலகையில் காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மாமி இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினார். கனத்தை எதிர்பார்க்கவில்லை போல, கைகள் கொஞ்சம் தாழ்ந்தன.

“பொட்டெல்லாம் வைச்சிரிக்கிறீங்க.”

“சரஸ்வதி பூசைக்கு இவள்ற அக்கா வைச்சது. எங்கட கடையில அவ பொட்டு வைக்காத சாமான் நான் மட்டும்தான்,” என்றார் அத்தான்.

மாமி சிரிக்கவில்லை. டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்குப் படம் வேணுமெண்டில்ல தம்பி. அவன்ட கை தெரியிது. உள்ளங்கால்ல ஆணி குத்தின இடம் தெரியிது. அம்மா எண்டு இழுத்துக் கூப்பிடுற சத்தம் கேக்குது. முகம் மட்டும் வருகுதில்ல. முதல் வந்த. இப்ப நினைச்சா வேற புள்ளையள்ற முகம் வருகுது. எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்காப் பாத்தாக் காணும்.”

அத்தான் சொன்னார்:

“கொழும்பில இதுக்கெண்டே ஒரு இடம் இரிக்காம் அக்கா. அனுப்பிப் பாப்பம்.”

மாமி டிஸ்கின் மேல் கையை வைத்து மூடினார்.

“அனுப்பிப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. போனது ஒண்டும் எனக்குத் திரும்பி வந்ததில்ல. என்ன செய்யிறதெண்டாலும் இஞ்ச வைச்சு, என்ட கண்ணுக்கு முன்னால செய்ங்க. போறதெண்டாலும் எனக்கு முன்னால போகட்டும்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினேன்.

நாடா போன்ற அகல வயரை டிஸ்கில் செருகி, மின்சார ஆளியைப் போட்டோம். முதலில் ஒரு மெல்லிய இரைச்சல் எழுந்து கூடிக்கொண்டே போனது. பிறகு டக், டக், டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடியும் டக், டக், டக். கொம்பியூட்டர் அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை.

“உள்ளுக்க ஆரோ கதவத் தட்டுற மாதிரிக் கிடக்கு,” என்றார் மாமி.

அந்தத் தட்டல் என்ன என்று அத்தான் சொன்னார். உள்ளே தட்டு பம்பரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. அதன்மேல் ஊசி போல ஒரு கை அசைகிறது. அந்தக் கை தட்டைத் தொடுவதே இல்லை. தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில் மிதந்துகொண்டுதான் வாசிக்கிறது. தொட்டுவிட்டால் அந்த இடத்தில் இருந்தது அழிந்துபோகும். இப்போது அந்தக் கை தான் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிக் கிடைக்காமல், கரையில் போய் முட்டி முட்டித் திரும்புகிறது.

அத்தான் இதை மாமிக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மேல் முழுக்கச் சிலிர்த்தது. கடற்கரை வீதியின் வீடுகள், கிடுகு வேலிகள், வலைகள் வைக்கும் வலைவாடி எல்லாம் அந்தக் கட்டிக்குள் எழுதிக் கிடக்கின்றன. வெளியில் அவை எதுவும் இல்லை. அவற்றை வாசிக்கக்கூடிய கை ஒன்றுதான், அதுவும் தொடாமல் வாசிக்கிற கை.

காத்தான்குடியில் போன் திருத்துகிற ஷிஹான் நானா அத்தானின் கூட்டாளி. அவரிடம் போனில் கேட்டபோது ஒரு வழி சொன்னார். நல்லாக் குளிர வைத்தால் செத்த டிஸ்குக்குக் கொஞ்ச நேரம் உயிர் வருமாம், அந்த நேரத்துக்குள் எடுக்கிறதை எடுத்துவிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பக்கத்துக் கடையில் இருந்ததில் சோடாதான் குளிரும், ஐஸ் பிடிக்காது. எனவே அடுத்த முறை மாமி வந்தபோது, அத்தான் வீதியில் போன நல்லரத்தினம் மாமாவை மறித்தார். அவருடைய சைக்கிள் கரியரில் மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் இருந்தது.

“இதென்னடா, இதுக்கு நான் என்ன மீனெண்டு சொல்லி விக்கிற?” என்றார் நல்லரத்தினம் மாமா, டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

“விக்க வேணாம் மாமா. மத்தியானம் வரைக்கும் ஐஸுக்குள்ள கிடக்கட்டும்.”

“எங்கட நிதுர்ஷன் இதுக்குள்ள இரிக்கிறான் நல்லரத்தினம்,” என்றார் மாமி.

அவர் உடனே சைக்கிளைச் சாத்தினார். அன்று அவர் மீன் விற்கப் போகவில்லை. டிஸ்கைச் சொப்பிங் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, காற்றைப் பிழிந்து, வாயை இறப்பரால் கட்டியவர் அவர்தான். இறாலை ஒதுக்கிக் குழி பறித்து, மேலே ஐஸை நிரப்பி, இன்னும் குளிரட்டும் என்று ஒரு கை உப்பும் தூவினார்.

“கணவாய்க்குப் பக்கத்தில வைக்காதீங்க மாமா,” என்று அத்தான் சொன்னார். “மை பட்டா எல்லாரும் கறுப்பாத்தான் வருவாங்க.”

“நீ படம் புடிச்சா எப்பவும் அப்பிடித்தானேடா வாறது,” என்றார் அவர்.

மத்தியானம் பையை வெளியில் எடுத்தபோது டிஸ்க் வெண்ணிறமாகப் பூத்திருந்தது. மீன் வாசம் வீசியது. துடைத்து, வயரைச் செருகி, ஆளியைப் போட்டேன். இரைச்சல் எழுந்தது. தட்டல் இல்லை. திரையில் ஒரு புதிய பெட்டிப் படம் தோன்றியது. திறந்தேன். பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. கோயில் திருவிழா. வதனி பிறந்தநாள் என்று என் பெயரும் ஒன்றில் இருந்தது. அதற்குக் கீழே, கரைவலை.

“இந்தா! இந்தா கிடக்கு!” என்று அத்தான் கத்தினார்.

நான் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன். டக் என்று ஒரு சத்தம். பெயர்கள் அப்படியே நின்றன. டக், டக். பிறகு அந்தப் பெட்டிப் படமே திரையிலிருந்து போய்விட்டது. டிஸ்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வேலை கெட்டுப்போனதே என்று எனக்குத் தோன்றவில்லை. கடற்கரை வீதி அழிந்த பிறகு நாலரை வருடமாக இருட்டுக்குள் இருந்தவர்கள் ஒரு நொடி கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மூடியதுபோல் இருந்தது. மாமிக்கு வாசிக்கத் தெரியும். கரைவலை என்ற சொல் நின்ற இடத்தை விரலால் தொட்டார். திரை சூடாக இருந்திருக்க வேண்டும், விரலை எடுத்துப் பார்த்தார்.

“நான் திரும்ப வாறன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாதைக்குப் போனார்.

அடுத்த முறை ஷிஹான் நானாவே வந்துவிட்டார். போன் திருத்துகிற சின்னச் சின்னச் சாமான்கள் எல்லாம் ஒரு துணிச் சுருளில் இருந்தன. மேசையில் வெள்ளைக் கடதாசி விரித்து, டிஸ்கை வைத்து, நட்சத்திர வடிவ வாய் உள்ள ஸ்குரூ டிரைவரை எடுத்தார். டிஸ்கை நாங்கள் ஒரு கிழமையாக வெயிலில்லாத இடத்தில் காய வைத்திருந்தோம். மாமி வழக்கம்போல வாசலுக்கு முதுகு காட்டி இருந்தார். அக்கா பிரஷாந்தியும் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றுவிட்டாள்.

“மச்சான், இனி வேற வழியில்ல. மூடியத் திறந்து அந்தக் கையக் கொஞ்சம் தள்ளி விடுவம். அல்லாட காவல்,” என்று ஷிஹான் நானா தகர மூடியின் முதல் திருகாணியில் டிரைவரை வைத்தார்.

நான் சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி எங்கள் எல்லோருடைய முகங்களும் சின்னதாகத் தெரிந்தன.

“திறக்க வேணாம்,” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவின் கையில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின.

“ஏன் புள்ள?” என்றார் ஷிஹான் நானா.

ஏன் என்று எனக்குத் தெரியாது. பயம்தான். காரணம் கேட்கிறாரே என்று ஏதாவது ஒன்றைச் சொன்னேன்.

“அண்டைக்குக் குளிரில வேலை செஞ்சது. உள்ளுக்க நல்லாத்தான் கிடக்குப் போல. முதல் இந்தப் பச்சைப் பலகையக் கழட்டிப் பாப்பமா? அதுக்குப் பிறகு மூடியத் திறக்கலாம்.”

“கதைக்காத புள்ள கதைக்கிது. கேளுங்க தம்பி,” என்றார் மாமி.

ஷிஹான் நானா தாடியைச் சொறிந்தார். “அதுவும் சரிதான். குளிருல சுருங்கி எங்கயோ ஒண்டு ஒட்டியிரிக்கி. பலகையக் கழட்டினா ஒண்டும் கெட்டுப்போறல்ல.”

டிஸ்கைக் குப்புறப் போட்டு, பச்சைப் பலகையின் ஓரத்துத் திருகாணிகளைக் கழற்றினார். நகத்தால் மெதுவாகத் தூக்கினார். பலகை லேசில் வரவில்லை, ஏதோ ஒட்டிப் பிடித்ததுபோல் இழுத்தது. பிறகு கிரீச் என்று விட்டது. திருப்பிப் பார்த்தவர் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

“மச்சான், இதென்ன வாசம்?”

அத்தானும் முகர்ந்தார். பிறகு நான். மீன் வாசத்துக்கு அடியில் சந்தனம் மணத்தது.

பலகையின் உட்பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் இருந்தன. உள்ளே இருக்கும் கை வாசிப்பதெல்லாம் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் வெளியில் வர வேண்டும். வெள்ளியாக மின்ன வேண்டிய அவை கறுத்து, சில இடங்களில் களிம்பு பிடித்திருந்தன. அவற்றைச் சுற்றி மஞ்சளாக ஒரு படை. பலகையில் இருந்த நுண்ணிய ஓட்டைகள் வழியாக அது மேலே இருந்து இறங்கியிருந்தது. மேலே, அதே இடத்தில், பொட்டு.

போன சரஸ்வதி பூசை எனக்கு நினைவு வந்தது. கடையைக் கழுவி, வாழையிலை போட்டு, கமரா, கத்தரிக்கோல், விளக்குகள் எல்லாவற்றையும் அடுக்கினோம். கொம்பியூட்டரில் எது முக்கியம் என்று அக்கா கேட்க, எல்லாம் இதுக்குள்ளதான் என்று அத்தான் டிஸ்கைக் கழற்றி இலையின் நடுவில் வைத்தார். அக்கா பன்னீரில் குழைத்த சந்தனத்தை, மற்றவற்றுக்கு வைத்ததைவிடப் பெரிதாக, தாராளமாக வைத்தாள். ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. பிறகு எங்கள் கடல் காற்றின் உப்பும் சேர்ந்திருக்கிறது.

அக்காவுக்கும் இப்போது விளங்கிவிட்டது.

“நான் வைச்ச பொட்டா?” என்றாள். கண் நிரம்பிவிட்டது. “நான்தானா இதச் சாகடிச்ச?”

“நீ சாமிக்கெண்டு வைச்சது புள்ள,” என்றார் மாமி. “இனிச் சாமியே பாக்கட்டும்.”

“சாமிக்கு விட்டா அடுத்த பூசை வந்திரும்,” என்றார் ஷிஹான் நானா. “இதச் சுரண்டப்படாது, வழிச்சு எடுக்கணும். மெதுவான சாமான் ஒண்டு வேணும்.”

என் சட்டைப் பையில் ஓர் அழிறப்பர் இருந்தது. அது எப்போதும் என்னிடம் இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன். ஷிஹான் நானா பலகையை என் பக்கமே தள்ளினார்.

பென்சில் எழுத்தை அழிப்பதுபோலவே தேய்த்தேன். அழிறப்பர்த் தூள் கறுப்பாக உருண்டு விழுந்தது. மஞ்சள் போனது, பிறகு கறுப்பு. ஒரு புள்ளியில் வெள்ளி தெரிந்தது. அதைப் பார்த்து அத்தான் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அழிக்கிற சாமானால் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கடைசிப் புள்ளி மட்டும் முழுதாகத் துலங்கவில்லை, ஓரத்தில் அரித்திருந்தது. ஷிஹான் நானா தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, பலகையைப் பொருத்தி, திருகாணிகளை முடுக்கினார்.

ஆளியைப் போட என்னைத்தான் சொன்னார்கள்.

இரைச்சல் எழுந்தது. கூடியது. ஒரே சுருதியில் நின்றது. நாங்கள் தட்டலுக்காகக் காத்திருந்தோம். மாறாக, வெகு மெல்லிதாக, உலர்ந்த இலைமேல் எறும்பு ஓடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

“தட்டுறது நிண்டிட்டு,” என்றார் மாமி தாழ்ந்த குரலில்.

“வாசிக்கிது,” என்றார் ஷிஹான் நானா. “மச்சான், அது வாசிக்கிது!”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கண்ணூறு படப்போகுது, சின்னதா ஒரு பொட்டு...” என்று தொடங்கினாள்.

“வேணாம்!” என்று நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மாமிதான் எங்களைவிட உரத்துக் கத்தினார்.

பெயர்கள் மறுபடியும் வந்தன. இந்த முறை நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. கரைவலை என்ற பெயரை அப்படியே புது டிஸ்குக்கு இழுத்து விட்டேன். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது. கரண்ட் போய்விடக் கூடாது என்று அத்தான் மின்விசிறியைக்கூட நிறுத்தினார். வியர்த்து ஒழுகியது. கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கடைசிக்குக் கிட்ட வந்தபோது டக் என்று ஒரு சத்தம். மாமி என் தோளைப் பிடித்தார். கோடு அசையவில்லை. இன்னொரு டக். பிறகு, எறும்பு மறுபடியும் ஓடியது. கோடு முடிந்தது.

அதற்குப் பின் அந்த டிஸ்க் ஒரு பெரிய மூச்சை விடுவதுபோல இரைச்சல் இறங்கி நின்றுவிட்டது. ஷிஹான் நானா அதை மெல்லத் தடவினார்.

முதல் படத்தைத் திறந்தேன்.

கடற்கரை வீதி. நான் மறந்துபோயிருந்த வீதி. வேலியில் பூவரசு, ஒரு வீட்டுக் கூரையில் தோய்த்துக் காயப்போட்ட நீலச் சாரம், மணலில் படுத்திருந்த நாய். அதன் முடிவில் கடல், காலை வெயிலில், எதையும் அறியாததுபோல். அடுத்தது வலைவாடி. அடுத்ததில் மூன்று ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் மூன்று பேரும் இப்போது இல்லை. ஆனால் ஒருவர் கண்ணைச் சுருக்கியிருந்த விதத்தில், அவர் முகத்தில் பட்ட வெயிலின் சூடுகூட எனக்குத் தெரிந்தது. இவ்வளவும் இந்த லாச்சிக்குள், பழைய ரசீதுகளுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் கிடந்திருக்கிறது.

“அவர்,” என்றார் மாமி. அந்த மூவரில் ஓரத்தில் நின்றவரைக் காட்டினார். “இவர்தான்.” பிறகு, “அடுத்ததக் காட்டு மகள்.”

வடம் இழுக்கும் படங்கள். ஆட்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். அத்தான் அவர்களுக்குப் பின்னால் நின்று எடுத்திருந்தார். எல்லாம் முதுகுகள். வடத்தின் வாலில் சின்ன முதுகுகள் நாலைந்து.

“இவன்,” என்று மாமி ஒன்றில் விரலை வைத்தார். “இந்த முதுகு எனக்குத் தெரியும்.”

அடுத்ததும் முதுகு. அடுத்ததும். அத்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் கூப்பிட்டநான் அக்கா,” என்றார். “கடைசியா ஒருக்கா, டேய், இஞ்ச பார்டா எண்டு கூப்பிட்டநான். ஒருத்தன் திரும்பினவன். ஆரெண்டு தெரியா.”

இன்னும் ஒரு படம்தான் இருந்தது. கோடு நின்று நின்று ஊர்ந்தது அதில்தான் போலும். திறந்தவுடன் அது முழுதாக வரவில்லை. மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வானம். பிறகு கடலின் கோடு. பிறகு பறந்துகொண்டிருந்த கொஞ்சம் தலைமயிர். மாமியின் கை என் தோளில் இருந்தது. நெற்றி வந்தது. புருவம். கண்கள்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் ஒன்று இல்லை. வடத்தை விடாமல் தலையை மட்டும் திருப்பி, கூப்பிட்ட ஆளைப் பார்த்து, என்ன என்று கேட்பதுபோல் சிரித்தான். கழுத்து, தோள், வடத்தைப் பிடித்த கைகள் வரைக்கும் படம் இறங்கியது. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அரித்துப்போன அந்தப் புள்ளி அவ்வளவைத்தான் கடக்க விட்டது.

யாரும் மாமியைப் பார்க்கத் துணியவில்லை. நான் திரையின் ஓரத்தில் மங்கலாக விழுந்த அவருடைய பிம்பத்தைப் பார்த்தேன். அவருடைய வாய் மெதுவாக விரிந்தது. அவனுடைய சிரிப்பு எப்படி ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்ததோ, அதே கோணலில் அவர் முகமும் வந்து நின்றது. நான் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அவன் முகம் இவ்வளவு காலமும் எங்கே இருந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கேட்காமலே பிரிண்டரை ஓடவிட்டேன். கடதாசி கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வந்தது. மை காயவில்லை, தொட்டால் கலங்கிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமி அதற்குள் இரண்டு உள்ளங்கைகளையும் கடதாசிக்கு அடியில் கொடுத்து, ஓரத்தைக்கூட விரல் தொடாமல், அதை ஏந்தி எடுத்துக்கொண்டார்.

கதிரையிலிருந்து எழுந்தார். பன்பை தரையிலேயே கிடந்தது. அக்கா நீட்டிய தேத்தண்ணியை அவர் காணவில்லை. வாசற்படியில் நின்றார்.

“அன்னப்பூரணி!” என்று வாவித் துறைப் பக்கமிருந்து நல்லரத்தினம் மாமா கூப்பிட்டார். “பாதை வெளிக்கிடப் போகுது! வாறியா?”

மாமி திரும்பவில்லை. ஒரு பஸ் போகும் வரைக்கும் பொறுத்தார். பிறகு கைகளை நீட்டியபடியே பிரதான வீதியைக் கடந்து கடற்கரை வீதிக்குள் நடந்துபோனார்.